மூளைப் பதிகருவி வழியே பேச்சு: நோயாளியும் குடும்பமும் செய்ய வேண்டிய ஆயத்தங்கள்

ஏ.எல்.எஸ். நோயாலோ (தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் படிப்படியாக அழியும் நோய்) மூளைத்தண்டில் வந்த பக்கவாதத்தாலோ பேச்சு போனவர்களுக்கு, மூளையில் மின்முனைகளைப் பதித்துப் பேச்சை மீட்கும் முறை ஆய்வு நிலையில் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் விலை கொடுத்து வாங்கிப் பொருத்திக்கொள்ளும் கருவியாக அது இன்னும் வரவில்லை. இப்போதைக்கு ஆய்வில் பங்கேற்பாளராகச் சேர்வதுதான் வழி. அந்த இடம் கிடைக்குமா, எப்போது கிடைக்கும் என்பது நம் கையில் இல்லை. அதற்கு முன் செய்ய வேண்டியவை அனைத்தும் நம் கையில்தான் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றைத் தள்ளிப்போட்டால் பிறகு செய்யவே முடியாது.

கருவி எதைப் பிடிக்கிறது

மனத்தில் ஓடும் எண்ணங்களைப் படிப்பதற்காக இந்தக் கருவி அமைக்கப்படவில்லை. நோயாளி பேச முயலும்போது உதடு, நாக்கு, தாடை, குரல்வளை ஆகியவற்றுக்கு மூளை அனுப்பும் ஆணைகளைத்தான் அது கேட்கிறது. அந்த ஆணைகளை இந்த ஆய்வுகள் பிடிக்கும் இடம், இடப்பக்க மூளையில் இயக்கப் புறணியின் (தசைகளை இயக்கும் மூளை மேலடுக்கின்) கீழ்ப்பகுதி. தசைகள் கேட்காவிட்டாலும் அங்கே சிக்னல் எழுகிறது. ஆகவே முயற்சிதான் எல்லாம். நோயாளி முயலவில்லை என்றால் கருவிக்குக் கிடைப்பது பெரும்பாலும் இரைச்சல்தான்.

மின்முனைகள் இரு வகை. மூளைப் புறணிக்குள் சுமார் 1.5 மில்லிமீட்டர் ஆழம் இறங்கும் ஊசி வகையில், 3.2 மில்லிமீட்டர் சதுரச் சில்லு ஒன்றில் 64 ஊசிகள் இருக்கும். பேச்சு ஆய்வுகளில் இப்படி நான்கு சில்லுகள் வைக்கிறார்கள். இன்னொன்று மூளையின் மேற்பரப்பில் படியும் மெல்லிய தகடு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் ஃபிரான்சிஸ்கோ குழு 2023இல் பயன்படுத்திய தகட்டில் 253 மின்முனைகள் இருந்தன. ஊசி வகை தனித்தனி நரம்பணுக்களின் துடிப்புக்கு நெருக்கமாகப் போகும். தகடு மூளைக்குள் இறங்காது, பரந்த பரப்பைக் கேட்கும்.

சிக்னல் சொல்லாக மாறும் வழியைத் தெரிந்துகொண்டால், பிழை வரும்போது எங்கே தேடுவது என்பது புரியும். ஊசி வகையில் ஒவ்வொரு மின்முனையும் நொடிக்கு 30,000 முறை அளக்கப்படுகிறது. அந்த அளவுகள் 20 மில்லிநொடித் துண்டுகளாகச் சுருக்கப்படுகின்றன. கணினியில் இயங்கும் செயற்கை நரம்பு வலைப்பின்னல் ஒன்று 80 மில்லிநொடிக்கு ஒரு முறை 'இப்போது எந்த ஒலியன் (சொல்லைக் கட்டும் அடிப்படை ஒலி)?' என்று நிகழ்தகவு சொல்லும். ஆங்கிலத்தில் அப்படி 39 ஒலியன்கள். அதன் பிறகு ஒரு மொழி மாதிரி, அந்த ஒலிகளுக்குப் பொருந்தும் சொற்களில் எது இயல்பான வாக்கியமாக அமைகிறதோ அதைத் தேர்ந்தெடுக்கும். ஆக இரண்டு அடுக்குகள்: ஒலியைக் கணிப்பது ஒன்று, சொல்லை ஊகிப்பது மற்றொன்று.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு 2023இல் நிமிடத்துக்கு 62 சொற்களை எட்டியது. 1,25,000 சொற்கள் கொண்ட அகராதியில் (கருவி தேர்ந்தெடுக்கக்கூடிய சொற்களின் தொகுப்பில்) பிழை 23.8 சதவீதம். சான் ஃபிரான்சிஸ்கோ குழு அதே ஆண்டில் நிமிடத்துக்கு 78 சொற்கள், 1,024 சொல் அகராதி, சுமார் 25 சதவீதப் பிழை. வேகத்தைப் பார்த்து வியந்தாலும், நான்கில் ஒரு சொல் தவறினால் பேச்சு பேச்சாக இருக்காது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் குழு 2024இல் வெளியிட்ட முடிவைத்தான் நாங்கள் பெரிதாகக் கருதுகிறோம். வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 32 சொற்கள்தான், ஆனால் 97.5 சதவீதத் துல்லியம், அதாவது நாற்பது சொற்களுக்கு ஒரு தவறு, எட்டு மாதத்துக்கு மேல் நிலைத்தது. அந்தப் பங்கேற்பாளர் வீட்டில் குடும்பத்தோடு பேச அதைப் பயன்படுத்தினார். எந்த ஆய்வைப் பற்றிப் படித்தாலும் முதலில் பிழை விகிதத்தையும் அகராதியின் அளவையும் சேர்த்துப் பாருங்கள்; வேகம் அப்புறம்.

யாருக்குப் பொருந்தாது என்பதும் தெளிவு. மூளையின் மொழிப் பகுதியையே தாக்கிய பக்கவாதத்தில் சொல் கிடைப்பதே சிக்கல், வாய் அசைவது சிக்கல் அல்ல. அத்தகையவர்களுக்கு இன்றைய பேச்சுப் பதிகருவி உதவாது. ஏ.எல்.எஸ். நோயாளிகளில் சிலருக்குச் சிந்தனைத் திறனும் மாறும். அதனால்தான் சேர்க்கும் முன் நினைவு, புரிதல் சோதனைகள் நடத்துகிறார்கள்.

முதல் வேலை: குரலைப் பதிவு செய்து வையுங்கள்

இதுதான் தள்ளிப்போடக் கூடாத வேலை. டேவிஸ் ஆய்வில் கணினி பேசிய குரல், பங்கேற்பாளர் நோய்க்கு முன் பேசிய பதிவுகளிலிருந்து உருவாக்கப்பட்டது. பதிவு இல்லை என்றால் சொல் அவருடையதாக இருந்தாலும் குரல் யாரோ ஒருவருடையதாக இருக்கும். நோய் உறுதியான வாரமே தொடங்குங்கள். நாக்கு தடுமாறத் தொடங்கிவிட்டாலும் பரவாயில்லை, தொடங்குங்கள்.

செல்பேசியே போதும், அமைப்பு சரியாக இருந்தால். பதிவுச் செயலியில் சுருக்கப்படாத வேவ் வடிவம், 44.1 அல்லது 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் என்று வையுங்கள். கருவியை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேராக அல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் நிறுத்துங்கள். நேராக வைத்தால் ப, த போன்ற ஒலிகளின் மூச்சு மைக்கில் மோதும். மின்விசிறியையும் ஏசியையும் அணையுங்கள். திரைச்சீலை, மெத்தை இருக்கும் அறை நல்லது. வெற்றுச் சுவர் எதிரொலிக்கும். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் பத்து நொடி யாரும் பேசாமல் விடுங்கள். அறையின் அடிப்படை இரைச்சலைப் பின்னால் நீக்க அது உதவும். இரைச்சல் நீக்கும் வசதியை இப்போதே போட்டுவிட வேண்டாம். அது குரலின் மெல்லிய பகுதிகளையும் சேர்த்து அரித்துவிடும், பிறகு மீட்க முடியாது.

காலையில், ஓய்வுக்குப் பிறகு, ஒரு தடவைக்கு இருபது நிமிடத்துக்கு மிகாமல் பேசட்டும். குழறல் கூடுவது காதில் பட்டதும் நிறுத்துங்கள். புத்தகத்தை வாசிப்பது மட்டும் போதாது. கேள்வி கேட்பது, ஒருவரைக் கூப்பிடுவது, கோபப்படுவது, சிரிப்பது, குழந்தையைக் கொஞ்சுவது எல்லாம் வேண்டும். வீட்டாரின் பெயர்களை ஒவ்வொன்றாக, அவர் வழக்கமாகக் கூப்பிடும் தொனியிலேயே பதியுங்கள். அவருக்கே உரிய சொல்வழக்குகளையும் முழு வாக்கியமாகப் பதிந்து வைத்தால், கருவி எதுவுமே கிடைக்காத நிலையிலும் அவற்றை அப்படியே ஒலிக்கவிடலாம்.

பழைய காணொளிகளையும் தேடி எடுங்கள். செய்திச் செயலி வழியே அனுப்பப்பட்ட பிரதி சுருக்கப்பட்டிருக்கும்; முதலில் பதிவான கருவியிலிருந்தே கோப்பை எடுப்பது நல்லது. எல்லாவற்றையும் இரண்டு வெவ்வேறு இடங்களில் சேமியுங்கள். இந்தக் குரலை யார், எதற்குப் பயன்படுத்தலாம் என்பதை அவர் வாயால் ஒரு முறை பதிவு செய்து, எழுத்திலும் வாங்கிவிடுங்கள்.

ஆம், இல்லை, எழுத்துப் பலகை

அறுவை சிகிச்சைக்கு ஒப்புதல் தர வேண்டியவர் நோயாளி. அவர் மனத்தை ஐயமின்றி அறியும் வழி ஒன்று இல்லாமல் எந்த நல்ல ஆய்வுக் குழுவும் மேலே போகாது. கருவி பொருத்திய பிறகும் கேபிள் பழுதான நாளில், காய்ச்சலான நாளில், இரவில், கண்ணசைவாலும் எழுத்துப் பலகையாலும் பேசும் பழைய முறைதான் கைகொடுக்கும்.

ஆம், இல்லை இரண்டுக்கும் தனித்தனி அடையாளம் வையுங்கள்: மேலே பார்த்தால் ஆம், கீழே பார்த்தால் இல்லை. பதில் வராததை 'இல்லை' என்று எடுத்துக்கொள்ளவே கூடாது. தூக்கமும் களைப்பும் கேட்காமல் போனதும் வெளியே அப்படித்தான் தெரியும். விடை தெரிந்த பத்துக் கேள்விகளை, ஆமும் இல்லையும் கலந்து வருமாறு கேட்டுப் பாருங்கள். ஒன்பது சரியாக வந்தால் அந்த அடையாளத்தை நம்பலாம். ஐந்து, ஆறு என்பது ஊகத்துக்குச் சமம். காலை, மாலை, வெவ்வேறு நாட்கள் என்று சோதித்து முடித்தபின், அடையாளத்தைக் கட்டிலின் தலைமாட்டில் எழுதி ஒட்டுங்கள். புதிதாக வரும் செவிலியரும் அதையே பின்பற்ற வேண்டும்.

எழுத்துப் பலகைக்குத் தமிழ் நல்ல வசதி தருகிறது. 247 எழுத்துகளையும் பலகையில் நிரப்ப வேண்டியதில்லை. மெய் பதினெட்டும் உயிர் பன்னிரண்டும் போதும். அவற்றை ஐந்து கட்டங்களாகப் பிரியுங்கள்:

1. வல்லினம்: க ச ட த ப ற
2. மெல்லினம்: ம ன ந ண ஞ ங
3. இடையினம்: ய ர ல வ ழ ள
4. குறில்: அ இ உ எ ஒ
5. நெடில்: ஆ ஈ ஊ ஏ ஐ ஓ ஔ

மெல்லினத்தை மட்டும் வரிசை மாற்றியிருப்பதற்குக் காரணம், ங, ஞ இரண்டும் அரிதாகவே தேவைப்படும். அடிக்கடி வரும் எழுத்து முன்னால் நின்றால் காத்திருப்பு குறையும். ஆறாவது கட்டத்தில் 'சொல் முடிந்தது', 'அழி', 'வலி', 'சளி எடு', 'திருப்பிப் படுக்க வை', 'வேறு' என்று வையுங்கள். புள்ளியைக் கேட்கவே வேண்டாம், உதவுபவர் ஊகித்துக்கொள்ளலாம். உயிர்மெய்க்கு முதலில் மெய், பிறகு உயிர், அகரத்தை விட்டுவிடலாம். 'தலையணை' என்பதற்கு த, ல, ஐ, ய, ண, ஐ. பழகிய வீட்டில் த, ல, ஐ, ய வந்ததுமே சொல் புரிந்துவிடும், உடனே 'தலையணையா?' என்று கேட்டு உறுதி செய்யுங்கள். ஊகம் இரண்டு முறை தவறினால் நிறுத்தி, முழுச் சொல்லையும் எழுத்தெழுத்தாக வாங்குங்கள். பாதியில் குறுக்கிட்டு ஊகித்துக்கொண்டே போவதுதான் நோயாளிகளை அதிகம் சலிப்படையச் செய்கிறது.

பலகையை இரண்டு விதமாகப் பயன்படுத்தலாம். கண்ணை எல்லாப் பக்கமும் அசைக்க முடிகிறவர்களுக்கு 3 மில்லிமீட்டர் கனமுள்ள, 60க்கு 45 சென்டிமீட்டர் கண்ணாடி போன்ற அக்ரிலிக் தகட்டில் மேலே மூன்று, கீழே மூன்று என ஆறு கட்டங்களை ஒட்டி, நடுவில் ஒரு சன்னல் வெட்டிவிடுங்கள். இரு முகங்களுக்கும் நடுவில், ஒவ்வொருவரிடமிருந்தும் சுமார் அரை மீட்டரில் பிடித்து, அவர் பார்வை போகும் கட்டத்தை அந்தச் சன்னல் வழியே கவனியுங்கள். உதவுபவர் பின்பக்கம் இருப்பதால் இடம் வலம் மாறித் தெரியும். அவருக்கான சிறிய எழுத்துகளைப் பின்பக்கம் தனியாக ஒட்டினால் குழப்பம் வராது.

மூளைத்தண்டுப் பக்கவாதத்தில் முழுமுடக்கம் வந்தவர்களுக்கு இந்தத் தகடு பெரும்பாலும் பயன்படாது. பக்கவாட்டில் கண் அசைவது போய்விட்டு, மேலும் கீழும் அசைவதும் இமைப்பதும் மட்டுமே மிஞ்சியிருக்கும். அவர்களுக்கு வாயால் சொல்லிக் கேளுங்கள்: 'வல்லினம்? மெல்லினம்? இடையினம்?' அவர் மேலே பார்த்த கட்டத்தில் நின்று, எழுத்துகளை ஒவ்வொன்றாக, இரண்டு நொடி இடைவெளியில். தொடர்புகொள்ளும் திறனே போய்விட்டது என்று கைவிடப்பட்டவர்களில் சிலர் உண்மையில் இந்தத் தகடு மட்டும் பொருந்தாதவர்களாக இருக்கலாம்.

ஆய்வில் சேரும் முன்

அமெரிக்காவில் பிரெயின்கேட் என்ற ஆய்வுக் கூட்டமைப்பின் மனிதப் பதிகருவி ஆய்வு 2004 முதல் நடக்கிறது. பேச்சு மீட்பில் முன்னோடிகளான ஸ்டான்ஃபோர்டு, டேவிஸ் குழுக்கள் அதில் இருக்கின்றன. உலகின் ஆய்வுகளை அமெரிக்க அரசின் இணையப் பதிவேடான ClinicalTrials.gov தளத்தில் தேடலாம். ஆய்வு மையத்துக்கு அருகே வசிப்பது, வாரந்தோறும் அமர்வுகளுக்கு நேரம் ஒதுக்குவது, குறைந்தது ஓராண்டு நீடிப்பது போன்றவை வழக்கமான நிபந்தனைகள்.

குழுவிடம் கேட்க வேண்டியவை பல, இவற்றை விடாதீர்கள். மின்முனைகளை எங்கே வைக்கப் போகிறார்கள், அந்த இடத்தை ஸ்கேன் மூலம் முன்கூட்டியே எப்படிக் கண்டறிவார்கள்? இந்தக் கேள்வி வெறும் சம்பிரதாயம் அல்ல. ஸ்டான்ஃபோர்டின் 2023 ஆய்வில் நான்கு சில்லுகளில் இரண்டு, பேச்சுக்குரியதாக நெடுங்காலம் கருதப்பட்ட புரோகா பகுதியில் வைக்கப்பட்டன. அவற்றிலிருந்து பேச்சுத் தகவல் ஏறக்குறைய எதுவும் கிடைக்கவில்லை. அடுத்து வந்த டேவிஸ் குழு நான்கையும் இயக்கப் புறணியின் மடிப்பிலேயே வைத்தது. அடுத்து, தலையிலிருந்து கேபிள் வெளியே வருமா, கம்பியில்லாததா? நிபுணர் வீட்டுக்கு வராத நாளில் குடும்பத்தினர் கருவியை இயக்கலாமா? மூளைப் பதிவுத் தரவு யாரிடம் இருக்கும்? ஆய்வு முடிந்தபின் கருவியை எடுப்பார்களா, எடுக்க வேண்டாம் என்றால் யார் பராமரிப்பார்கள்? கடைசிக் கேள்விக்கான பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

மருத்துவப் பக்கத்தில், ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிடுகிறார் என்றால் முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள். ஏ.எல்.எஸ். நோயாளிக்கு நுரையீரல் திறன் குறைந்திருந்தால், மயக்க மருந்துக்குப் பின் மூச்சுக்கருவியிலிருந்து விடுபடுவது கடினமாகலாம். அதை முன்கூட்டியே பேசி முடிவெடுக்க வேண்டும்.

அறுவைக்குப் பின்

ரத்தக்கசிவு, தொற்று, வலிப்பு ஆகியவை முதன்மையான ஆபத்துகள். டேவிஸ் ஆய்வில் அறுவை முடிந்து 25ஆம் நாள்தான் கருவியை முதன்முதலாக இயக்கினார்கள். அதுவரை காயம் ஆறட்டும். கேபிள் வகையில் மண்டையோட்டில் திருகப்பட்ட சிறு உலோக இணைப்பி தோலைத் துளைத்து வெளியே நிற்கும். அந்தத் துளையைச் சுற்றிய தோல்தான் தினமும் கவனிக்க வேண்டிய இடம். சிவப்பு, கசிவு, வீக்கம், நாற்றம், காய்ச்சல் எது தெரிந்தாலும் அன்றே குழுவுக்குச் சொல்லுங்கள். பயன்படுத்தாத நேரத்தில் மூடி போட்டே இருக்க வேண்டும். சக்கர நாற்காலியை நகர்த்தும் முன் கேபிளைக் கழற்றுங்கள். இழுபட்டால் முதலில் பழுதாவது இணைப்பிதான். உடலில் பதிகருவி இருப்பதைச் சொல்லும் அட்டை எப்போதும் உடன் இருக்கட்டும். எம்.ஆர்.ஐ. எடுப்பதையும், மின்சாரத்தால் திசுவைச் சுடும் அறுவைக் கருவிகளையும் ஆய்வுக் குழுவைக் கேட்காமல் யாரும் அனுமதிக்கக் கூடாது.

பயிற்சி அமர்வு

திரையில் ஒரு வாக்கியமும் சிவப்புச் சதுரமும் தோன்றும். நோயாளி வாக்கியத்தை மனத்தில் வாங்கிக்கொள்வார். சதுரம் பச்சையானதும் பேச முயல்வார். இப்படி நாற்பது வாக்கியங்கள் ஒரு தொகுதி, இடையே ஓய்வு. ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் ஒரு நாளைக்கு 260 முதல் 480 வாக்கியங்கள் வரை சேகரித்து, மொத்தம் 10,850 வாக்கியங்களால் கணினிக்குப் பயிற்சி கொடுத்தார்கள். டேவிஸ் ஆய்வில் முதல் நாள் அரை மணி நேரப் பயிற்சியிலேயே 50 சொல் அகராதியில் 99.6 சதவீதம் வந்தது. இரண்டாம் நாள் மேலும் 1.4 மணி நேரப் பயிற்சிக்குப் பின் 1,25,000 சொல் அகராதியில் 90.2 சதவீதம்.

குரல் எழுப்பி முயல வேண்டுமா, வாயை மட்டும் அசைக்க முயன்றால் போதுமா என்பது எல்லோரும் கேட்பது. ஸ்டான்ஃபோர்டில் குரலோடு 23.8, குரலின்றி 24.7 சதவீதப் பிழை. வித்தியாசம் மிகக் குறைவு. மூச்சு குறைவானவர்கள் வாயசைவு முயற்சியையே பழகிக்கொள்ளலாம். ஆனால் ஒரு அமர்வில் ஒன்றையே பின்பற்றுங்கள். இரண்டையும் கலந்தால் கணினிக்கு இரண்டு வகைச் சிக்னல் போகும்.

பிழை கூடும்போது எங்கே தேடுவது

நேற்று சரியாக இருந்தது இன்று காலை தடுமாறினால், பெரும்பாலும் அது சிக்னல் நகர்வு. மூளை மெல்ல அசைகிறது, மின்முனை அருகே கேட்கும் நரம்பணுக்கள் மாறுகின்றன, பழைய கணக்கு பொருந்தாமல் போகிறது. அமர்வின் தொடக்கத்தில் சில வாக்கியங்களால் மீண்டும் சரிசெய்துவிடலாம். சரியாக வந்த வாக்கியங்களை நோயாளி உறுதி செய்து, அவற்றாலேயே கணினி தன்னைத் திருத்திக்கொண்டே போவது இன்னும் நல்ல முறை. அதனால் 'சரி', 'தவறு' என்று குறிப்பதைச் சோம்பலில் தவிர்க்காதீர்கள். தவறான வாக்கியத்தைச் 'சரி' என்று குறித்தால் தவறையே கற்றுக்கொடுக்கிறோம்.

ஒரே சில்லின் பல மின்முனைகள் ஒரே நேரத்தில் மௌனமானால் மூளையைச் சந்தேகிக்காதீர்கள். இணைப்பி சரியாக அமரவில்லை, அல்லது ஈரம் புகுந்திருக்கிறது. எல்லா மின்முனைகளிலும் ஒரே மாதிரி முனகல் தெரிந்தால் அது மின்இணைப்பின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் இரைச்சல். கட்டில் மோட்டார், சார்ஜர் ஆகியவற்றை ஒவ்வொன்றாகத் துண்டித்துப் பாருங்கள். மூச்சுக்கருவியையும் சளி உறிஞ்சியையும் இந்தச் சோதனைக்காக ஒருபோதும் நிறுத்தக் கூடாது. அமர்வின் பிற்பாதியில் மட்டும் பிழை கூடினால் களைப்பு.

எல்லாவற்றிலும் ஆபத்தான பிழை வேறு. ஒலிக் கணிப்பு மங்கும்போது மொழி மாதிரி இட்டுநிரப்பி, இலக்கணம் பிசகாத ஒரு வாக்கியத்தைத் தரும். கேட்பவருக்கு அதில் தவறே தெரியாது. நோயாளி அப்படிச் சொல்லவே இல்லை. சிகிச்சை, சொத்து, கையெழுத்து தொடர்பான எதையும் திரையில் வந்த ஒரு வாக்கியத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். எழுத்துப் பலகையின் ஆம், இல்லை மூலம் மறுபடி கேளுங்கள். ஊர்ப்பெயர், ஆட்பெயர், மருந்துப்பெயர் அகராதியில் இல்லை என்றால் ஒலி ஒத்த வேறு சொல்லே வரும். பட்டியலை முன்பே எழுதிக் குழுவிடம் கொடுத்துச் சேர்க்கச் சொல்லுங்கள்.

உள்ளத்துப் பேச்சு கசியுமா என்ற அச்சத்துக்கும் ஆதாரம் உண்டு. ஸ்டான்ஃபோர்டு குழு 2025இல், வாயை அசைக்க முயலாமல் மனத்துக்குள் சொன்ன சொற்களையும் ஓரளவு கணிக்க முடிந்ததைக் காட்டியது. அதே ஆய்வில், மனத்துக்குள் ஒரு ரகசியச் சொற்றொடரைச் சொன்னால்தான் கணிப்பு திறக்கும் என்ற பூட்டையும் செய்து காட்டினார்கள். 98 சதவீதத்துக்கு மேல் அது சரியாக வேலை செய்தது. கருவியை நோயாளியே நிறுத்தவும் திறக்கவும் வழி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

தமிழில் பேச

மேலே சொன்ன முடிவுகள் எல்லாம் ஆங்கிலத்துக்கானவை. ஒலியன் அடுக்கைத் தமிழுக்கு மாற்றுவது எட்டக்கூடியதுதான். ஆனால் எழுத்தை ஒலியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 'கடல்', 'அங்கே', 'பகல்' மூன்றிலும் க வெவ்வேறாக ஒலிக்கிறது. சொல் அடுக்குதான் பெரிய வேலை. ஒரு வினையடி திணை, பால், காலம், துணைவினை ஏற்று எண்ணற்ற வடிவங்களாகும். ஆங்கிலத்துக்குப் போதுமான முழுச்சொல் அகராதி இங்கே போதாது, சொல்லைத் துண்டுகளாகப் பிரித்துத்தான் கட்ட வேண்டும். தவிர, நோயாளி முயல்வது 'வந்துட்டேன்'. எழுத்துத் தமிழில் பயின்ற மாதிரி எதிர்பார்ப்பது 'வந்துவிட்டேன்'. ஆகவே குரல் பதிவின்போது பேச்சு வழக்கிலேயே பேசவிட்டு, சொன்னது சொன்னபடி எழுதி வையுங்கள். அவர் பேசும் தமிழுக்கு மாதிரி கட்டும் நாளில் அந்த எழுத்துப் பிரதிதான் முதலில் தேவைப்படும்.

எவ்வளவு காலம்

நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் 2015இல் ஏ.எல்.எஸ். நோயாளி ஒருவருக்கு முழுவதும் உடலுக்குள்ளேயே அமையும் எளிய கருவி பொருத்தப்பட்டது. மூளைச் சிக்னலால் ஒரு சொடுக்கு செய்து எழுத்தைத் தேர்ந்தெடுப்பார். நிமிடத்துக்கு இரண்டு எழுத்து அளவே வேகம். ஆனாலும் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் வீட்டில் அது அவருக்கு உதவியது. பின்னர் நோய் முற்றி மூளைத் திசு சுருங்கியபோது சிக்னல் நம்பத்தக்கதாக இல்லாமல் போனது. ஆகவே கருவி நன்றாக ஓடும் காலத்திலேயே, வாரம் ஒரு நாளாவது அதை அணைத்துவிட்டு எழுத்துப் பலகையில் மட்டும் பேசுங்கள். வீட்டில் குறைந்தது இருவருக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போகாமல் இருக்க வேண்டும்.